வாடகை அறைக்கு ஒரு புருசன்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதினவள் நடுநிலையாக இல்லை என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். நடுநிலையாக இருக்கிற ஆட்கள் வேறு ஏதும் வேலை பார்க்கட்டும்.

என் பெயர் ஸ்ரெல்லா. இத்தாலியில், பலெர்மோவில், பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். அந்த வீட்டு மகள் ஜூலியானா பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறாள். தலைப்பு: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புனைகதைகளில் சுதந்திரமான பெண்கள். அவள் மேசையில் இருந்து எழுதுவாள், நான் பக்கத்தில் நின்று சூடான பெட்டியால் உடுப்பு மினுக்குவேன். சுதந்திரம் பற்றி எழுதுகிறவளின் சட்டையை இன்னொருத்தி மினுக்குகிறாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்து முடியுங்கோ. ஜூலியானாவை எனக்குப் பிடிக்கும். நானும் யாழ்ப்பாணத்தில் இரண்டு வருசம் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பாதியில் விட்டவள்தான். சண்டை பிடிக்க எங்கள் இருவருக்கும் ஒரு விசயம் தேவைப்பட்டது, கிடைத்தது.

அவள் ஒவ்வொரு நாவலாகக் கதை சொல்லுவாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, கடுகடுத்த மாமி வீடு, பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோ, தையல் தைத்தோ, பத்திரிகைக்கு எழுதியோ தன் காலில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு வடிவான மனிதன் வந்து கலியாணம் கேட்கிறான். வேண்டாம் என்கிறாள். நான் மினுக்குகிறதை நிறுத்திப் போட்டுக் கேட்பேன்.

"பிறகு?"

"பிறகு முந்நூறு பக்கம் இருக்கு."

"முந்நூறு பக்கத்துக்குப் பிறகு?"

"ஓம் என்கிறாள்."

ஓம் சொல்லாத பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வரும், அல்லது நெஞ்சுவருத்தம், அல்லது தண்ணீரில் கண்டம். கடைசி அத்தியாயம் கிட்டும்போது கதாநாயகி ஒருக்கா இருமினால் போதும், நான் சிலுவை போட்டுக்கொள்ளுவேன்.

[அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பெண்களின் எழுத்து வேறு மாதிரி. அங்கே முதல் கேள்வி ஆரைக் கட்டுவது என்பதில்லை, என் உடம்பு ஆருக்குச் சொந்தம் என்பது. அவர்களை விட்டுவிட்டுச் சுதந்திரம் என்று எழுதினால் இந்தத் தாள் எல்லாவற்றையும் மினுக்கிற பெட்டியால் எரிப்பேன் என்று ஜூலியானாவிடம் சொன்னேன். அவள் ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினாள். அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதியிருக்கிறாள்.]

கோபம் வந்தது வேறு இடத்தில். அந்தக் காலத்திலேயே பெண் வைத்தியர்கள் வருகிற நாவல்கள் சில இருந்தன. அதிலும் கனபேர் மருந்துப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கலியாணம் கட்டுகிறார்கள். ஒன்றிரண்டு பேர் மாத்திரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கள் பாட்டில் நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள். அந்த ஒன்றிரண்டு நாவல்களைப் பற்றி ஜூலியானா எழுதிய பக்கத்தின் ஓரத்தில் அவளுடைய பேராசிரியர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: முடிவு முழுமையாக இல்லை.

அவள் உயிரோடு இருக்கிறாள். வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கிறாள். இதில் என்ன ஐயா முழுமை இல்லை? அன்றைக்குப் பின்னேரமே நான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2.

முதலாவது தொடக்கம்: மத்தியதரைக் கடலின் நீலம் அற்புதமலரின் கண்களில் வந்து

வெட்டிவிட்டேன். அவளுக்குக் கடல் பார்க்க எங்கே நேரம்.

இரண்டாவது: அற்புதமலர் அழகி என்று சொல்ல முடியாது, ஆனால்

இதையும் வெட்டினேன். அந்த "ஆனால்" எனக்குத் தெரிந்த "ஆனால்". தனிய நிற்கப் போகிற பெண் என்றால் அந்த நாவல்களில் முதல் பக்கத்திலேயே மூக்கிலோ நெற்றியிலோ தலைமயிரிலோ ஒரு குறை வைத்துவிடுவார்கள். வடிவானவள் என்றால் ஏன் தனிய இருக்கிறாள் என்று ஆட்கள் கேட்பார்களாம். என்னுடைய அற்புதமலர் வடிவானவள். முப்பத்தாறு வயது, மன்னார்ப் பக்கம், நல்ல உயரம். ஏன் தனிய இருக்கிறாள் என்று கேட்கிறவர்கள் கேட்கலாம்.

மூன்றாவது: போரில் எல்லாவற்றையும் பறிகொடுத்து

இதுவும் வேண்டாம். பறிகொடுத்தது உண்மைதான். ஆனால் அதுதான் காரணம் என்று எழுதினால் அது பொய். கவனித்துப் பார்த்தால் அமெரிக்கக் கதாநாயகிகளுக்கும் முதலில் தாய் தகப்பனைச் சாகக் கொடுத்த பிறகுதான் சுதந்திரம் கொடுக்கிறார்கள். எல்லாரும் உயிரோடு இருக்க, வீட்டில் சோறும் இருக்க, "நான் தனிய இருக்கப் போறன்" என்று ஒருத்தி சொன்னால் அவள் அடங்காப்பிடாரி. துன்பப்பட்டவள் என்றால் மன்னிக்கலாம். அற்புதமலருக்கு உங்கள் மன்னிப்புத் தேவைப்படவில்லை.

நான்காவது, இது நிற்கட்டும்: 1997 ஆம் ஆண்டு மாசி மாதம் அற்புதமலர் பலெர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் தனக்கென்று ஒரு அறை பார்த்தாள்.

[அற்புதமலர் ஆர் என்று தேடித் திரிய வேண்டாம். எனக்குத் தெரிந்த மூன்று பெண்களைச் சேர்த்து ஒருத்தி ஆக்கியிருக்கிறேன். அந்த மூன்று பேரும் தங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் மற்ற இரண்டு பேரும் தேவையில்லை என்கிறாள்.]

3.

எங்கட பெண்களில் கனபேர் இங்கே ஃபிஸ்ஸா. அதாவது வேலை செய்கிற வீட்டிலேயே படுக்கை, வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மாத்திரம் ஓய்வு. அந்த நேரத்துக்குப் போய்க் காலை நீட்ட ஒரு இடம் வேண்டும்தானே. அதற்காக ஐந்தாறு பேர் சேர்ந்து கால்சாப் பகுதியில் ஒரு அறை எடுத்து வைத்திருக்கிறோம். அதற்குப் பெயரே வியாழன் அறை. அங்கே தோசை சுடுவோம், தலைக்கு எண்ணெய் வைப்போம், ஆரையாவது பற்றிக் கதைப்போம். பொழுதுபட்டால் அவரவர் வேலைவீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அற்புதமலர் ஐந்து வருசமாக ஒரு சட்டத்தரணி வீட்டில் ஃபிஸ்ஸா. குசினிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் படுக்கை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வீட்டுக்காரர் கெட்டவர்கள் இல்லை, ஆனால் தேவைப்பட்ட நேரம் கதவைத் திறப்பார்கள். ஒரு வியாழக்கிழமை அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் இந்த ஃபிஸ்ஸாவை விடப் போறன். மணித்தியாலக் கணக்கிலை வேறை வீடுகளிலை வேலை பிடிச்சிருக்கிறன். தனிய ஒரு அறை எடுக்கப் போறன்."

"தனியவோ? எங்களோடை சேந்து எடன்."

"உங்களோடையும் இல்லை. கதவைப் பூட்டிப்போட்டு, முழங்கால் தெரிய ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, முட்டை பொரிச்சுச் சாப்பிட வேணும். ஒருத்தரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஆசை ஒரு கதைக்குக் காணுமா? நான் எழுதுகிற சிற்றிதழ் சுவிஸில், பாசலில் இருந்து வருகிறது. ஆசிரியர் விமலராஜ் தொலைபேசியில் சொன்னார், "அவளுக்கு ஒரு பெரிய லட்சியம் குடுங்கோ ஸ்ரெல்லா. பாட்டுப் படிக்க விரும்புறாள், படம் கீற விரும்புறாள், அப்பிடி ஏதும்." நான் மாட்டேன் என்றேன். அவளுக்குப் பாட வராது. கலை வேண்டும், மருத்துவம் வேண்டும் என்று கேட்டால்தான் தனி அறை கொடுப்பீர்கள் என்றால், சும்மா இருக்க விரும்புகிற பெண் எங்கே போவாள்?

அண்ணன் யாக்கோபு துள்ளினான். அவன் மனைவி பிள்ளைகளோடு பலெர்மோவிலேயே இருக்கிறான், ஞாயிறு பூசையில் முன்வரிசை. "தனிய இருக்கிற பொம்பிளையை ஆர் மதிப்பினம்? கோயிலடியிலை நான் எப்பிடித் தலை நிமித்துறது?" என்றான். தலையை நிமிர்த்துவதற்கு அவனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஜெர்மனியில் இருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளையின் படத்தை அவள் கையில் திணித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கைப்பைக்குள் போட்டாள், ஏனென்றால் பஸ் வந்துவிட்டது.

அந்தப் பஸ்ஸில்தான் போர்கோ வெக்கியோவுக்குப் போனாள். வீட்டுக்காரி கொன்செத்தா புருசனை இழந்த மனிசி, சந்தையில் மரக்கறி விற்கிறார். மாடியில் ஒரு அறை, சின்னக் குசினி, உள்ளுக்குத் தாழ்ப்பாள். அற்புதமலர் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், திரும்பவும் போட்டுப் பார்த்தாள்.

[கொன்செத்தா கதைப்பது சிசிலியன். நான் அதை எங்கட தமிழில் எழுதுகிறேன். உறுக்கி அதட்டுகிறது இரண்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.]

"நான் தனிப் பொம்பிளைக்குக் குடுக்கிறேல்லை," என்றார் கொன்செத்தா. "குடுத்தால் சந்தையிலை என்ரை பேரைத்தான் இழுப்பினம். உனக்குப் பிரச்சினை இல்லை, மோதிரம் போட்டிருக்கிறாய். புருசன் எங்கை?"

மோதிரம் சந்தையில் வாங்கியது. பஸ்ஸில் ஆம்பிளைகளின் சேட்டை தாங்காமல் எங்களில் கனபேர் அப்படி ஒன்று போட்டிருக்கிறோம். அற்புதமலர் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு, "ஜெர்மனியிலை," என்றாள்.

"படம் இருக்கோ?"

படம் இருந்தது.

4.

இனி எங்கட வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். மாப்பிள்ளைப் படம் வந்தால், வேண்டாம் என்கிறவர்கள் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாயால் ஆயிரம் தரம் வேண்டாம் என்றாலும் கணக்கில் வராது, படம் திரும்பிப் போனால்தான் அது இல்லை. படம் பெண்ணிடம் நிற்குது என்றால் மனம் இளகுது என்று அர்த்தம்.

கொன்செத்தா அந்தப் படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, "நல்ல மனிசன், முகத்திலை தெரியுது," என்றார். அடுத்த கிழமை அற்புதமலர் பெட்டியோடு வந்தபோது அலுமாரியின் மேல் படம் சட்டம் போட்டு நின்றது. பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பூ. குடிவருகிறவளுக்குத் தன்னுடைய பரிசு என்றார். அந்தப் பரிசை அவள் எந்த முகத்தோடு கழற்றுவாள்?

யாக்கோபு கேட்டான், "படம் எங்கை?" அவள் சொன்னாள், "இருக்கு, பிறகு தாறன்." அவன் நேரே போய் ஜெர்மனிக்குத் தொலைபேசி எடுத்தான். அறை எடுத்ததற்கு வந்த கோபம் கூட ஆறிவிட்டது. "சரி, கலியாணம் வரைக்கும் அங்கை இருக்கட்டும்," என்றான்.

அந்த மாதங்களைப் பற்றி நான் ஒரு நீளமான அத்தியாயம் எழுத விரும்பினேன். ஒன்றுமே நடக்காத அத்தியாயம். அவள் வேலையால் வருகிறாள், தாழ்ப்பாள் போடுகிறாள், வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு முட்டை பொரிக்கிறாள், ஒருத்தரும் கூப்பிடவில்லை. எனக்கு எழுத எழுத நெஞ்சு நிறைந்தது, பொறாமையும் வந்தது. விமலராஜ் அந்தப் பக்கங்களுக்குக் குறுக்கே கோடு போட்டு அனுப்பினார். கதை நகரவில்லையாம்.

கதையை நகர்த்தியது கொன்செத்தா. வாடகை வாங்க வரும்போதெல்லாம் புருசனைப் பற்றி விசாரிப்பார். அற்புதமலர் ஏதாவது சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கடையில் வேலை என்றாள். நின்று நின்று முதுகு நோ என்றாள். பாகற்காய் என்றால் உயிர் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அந்த மனிசன் வளர்ந்துகொண்டே போனான். கொன்செத்தா அவனுக்காக மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கிவிட்டார். எனக்கு இப்படி ஒரு வாசகி இதுவரை வாய்க்கவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் யாக்கோபு அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோவுக்கு வந்தான். பெயர் பெனடிக்ற். நாற்பத்தொரு வயது. பெண் படத்தைத் திருப்பித் தரவில்லை என்ற செய்தியை நம்பி, லீவு எடுத்து, றெயிலில் வந்திருந்தார். அற்புதமலர் வேலையால் இன்னும் வரவில்லை. கதவடியில் கொன்செத்தா அவரைக் கண்டார். கண்டதும் கத்தரிக்காய்க் கூடையை வைத்துவிட்டு ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். "முதுகு எப்பிடி?" என்று தடவிப் பார்த்தார். பெனடிக்ற்றுக்கு இத்தாலியன் தெரியாது. யாக்கோபுக்குத் தெரியும். வீட்டுக்காரிக்குக் கூடத் தங்கச்சி எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொன்செத்தா மேலே கூட்டிப் போய், தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து, அந்தச் சாவியைப் பெனடிக்ற்றின் கையில் வைத்தார். பெனடிக்ற் உள்ளே போனார். அலுமாரியில் தன் படத்தைக் கண்டார், சட்டம் போட்டு, பூ வைத்து. ஜெர்மனியில், டோட்முண்டில் ஒரு குசினியில் கோப்பை கழுவுகிற ஒரு மனிசனை, முன்பின் காணாத ஒரு பெண் இப்படி வைத்திருக்கிறாள். அவர் இடத்தில் நான் நின்றாலும் நம்பியிருப்பேன்.

அற்புதமலர் வந்தபோது அவளுடைய கதவு திறந்து கிடந்தது. உள்ளே அண்ணன் கட்டிலில், படத்தில் இருந்த மனிசன் கதிரையில், கொன்செத்தா குசினியில் கோப்பி போட்டுக்கொண்டு. எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் புருசன் இல்லை என்றால் அறை இல்லை, சட்டத்தரணி வீட்டுக் குசினிக்குப் பின்னால்தான் திரும்பவும் படுக்கை. வாயை மூடிக்கொண்டு நின்றால் இவர்தான் புருசன்.

இங்கே நிறுத்துகிறேன். அவள் வாசலில் நிற்கட்டும்.

5.

முடிவு ஒன்று. பெனடிக்ற் நல்லவர். "நீங்கள் உங்கடை வேலையைச் செய்யலாம், நான் இஞ்சை வந்து இருக்கிறன்," என்கிறார். அவள் தலை குனிகிறாள். கோயில், மேளம், அதே அறையில் இரண்டு தலையணை.

இதை எழுதுவது சரியான சுகம். பேனை தன் பாட்டில் ஓடியது. வியாழன் அறையில் வாசித்துக் காட்டினேன், எல்லாரும் அழுதார்கள். கூறைச்சேலை என்ன நிறம் என்று ஒருத்தி கேட்டாள், நான் அதையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாவல்களிலும் இதே தந்திரம்தான். கடைசி ஐம்பது பக்கத்தில் ஆண் திருந்துவான், காய்ச்சல் வந்து மெலிவான், பெருமை குறைந்து பணிவாக வருவான். இவ்வளவு நல்லவனை எப்படி வேண்டாம் என்பது என்று வாசகருக்கு மனம் கரையும். பெனடிக்ற் நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. நல்லவருக்கும் வேண்டாம் என்று சொல்லலாம்.

முடிவு இரண்டு. ஃபோரோ இத்தாலிக்கோ, கடற்கரை, அலைகள் அவளை அழை

மேலே போக என் கை மறுத்துவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்கு ஒரு வள்ளத்தில், மண்ணெண்ணெய் ஊற்றுகிற ஒரு பிளாஸ்ரிக் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனவள் அவள். அந்தக் கடல் விட்ட உயிரை இலக்கியத்துக்காக நான் இங்கே கொண்டுவந்து அமிழ்த்த வேண்டுமா? செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

முடிவு மூன்று, விமலராஜ் தந்தது. "அவளை மடத்துச் சிஸ்ரர்மாரோடை சேத்துவிட்டால் என்ன?" சிஸ்ரர்மாருக்கும் விடிய நாலு மணிக்கு மணி அடிக்கும் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

முடிவு நான்கு, ஜூலியானா தந்தது. கொன்செத்தா உண்மையைக் கேட்டு அற்புதமலரைக் கட்டிப்பிடித்து, நீதான் கெட்டிக்காரி, இந்த அறை உனக்குத்தான் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் நாளைக்கு விடியச் சந்தையில் கடை விரிக்கப் போகிறது கொன்செத்தாதான். அந்த மனிசியின் பயத்தை நான் ஒரு வசனத்தால் துடைத்து எறிய ஏலாது.

நாங்கள் இருவரும் மினுக்கிற பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று வாக்குவாதப்பட்டோம். ஜூலியானா சொன்னாள், "இந்த நாவல்களை எழுதின பெண்கள் சிலர் தாங்கள் கலியாணமே கட்டவில்லை, தெரியுமா. எழுதித்தான் வீட்டுக்குச் சாப்பாடு போட்டார்கள். கதாநாயகிக்கு மாத்திரம் கட்டி வைத்தார்கள்."

"ஏன்?"

"பதிப்பாளர் கேட்டார், வாசகர் கேட்டார்கள். புத்தகம் விற்க வேண்டும்தானே."

அதுவரை நான் அந்த எழுத்தாளர்களில் கோபமாக இருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. தாங்கள் தனிய இருக்கிறதற்காகத் தங்கள் கதாநாயகியை விற்றிருக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள். ஆனால் பாருங்கோ, எங்கட சிற்றிதழ் எனக்கு ஒரு சதமும் தருவதில்லை. அப்போது நான் ஏன் அவளை விற்க வேண்டும்?

6.

வாசலில் இன்னும் நிற்கிறாள். கையில் சாமான் பை. கொன்செத்தா கோப்பித் தட்டோடு வந்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், உன்ரை மனிசனைக் கொஞ்சன்," என்கிறார்.

அற்புதமலர் பையைக் கீழே வைத்தாள். கொன்செத்தாவை ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். பெனடிக்ற்றுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை," என்றாள்.

அந்த ஒரு சொல்லிலேயே யாக்கோபு கட்டிலை விட்டு எழும்பிவிட்டான். கட்டப் போகிறவரை ஆரும் அண்ணை என்று கூப்பிடுவார்களா?

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. நான் உங்களைக் கட்டப் போறேல்லை. ஒருத்தரையும் கட்டப் போறேல்லை. புருசன் இருந்தால்தான் அறை தருவன் எண்டு இந்த மனிசி சொன்னவ. உங்கடை படம் கையிலை இருந்தது, காட்டிப்போட்டன். அதுதான் இஞ்சை நிக்குது. நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"விசர்க்கதை கதையாதை," என்றான் யாக்கோபு. "அந்தரத்திலை என்னவோ சொல்லுறாள், நீங்கள் குறை நினைக்காதேங்கோ."

"அந்தரமில்லை. படம் தந்த அண்டைக்கும் வேண்டாம் எண்டு சொன்னனான், அதுக்குப் பிறகும் சொன்னனான். நீங்கள் என்னைக் கேக்கேல்லை, படத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"குடும்ப மானம் போகுது, உனக்கு விளங்கேல்லையே?"

"போகட்டும். மானம் போனாலும் நான் உங்கடை தங்கச்சிதான். கோவம் ஆறினால் வாங்கோ, தேத்தண்ணி போட்டுத் தாறன். தட்டிப்போட்டு வாங்கோ."

பெனடிக்ற் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. எழுதுகிற எனக்கே அவரைப் பார்க்க ஏலாமல் இருந்தது, வேறு ஒரு சம்பந்தம் உடனே வருகிறது என்று ஒரு வசனம் எழுதி ஆறுதல் சொல்லலாமா என்று பார்த்தேன், வரவில்லை.

"வேலையிடத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார். "எனக்கு வெக்கமாய் இருக்கு." பிறகு அலுமாரியைப் பார்த்தார். "அந்தப் படம் இனி உங்களுக்குத் தேவைப்படுமோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப கொண்டு போறன். அதிலைதான் நான் கொஞ்சம் வடிவாய் இருக்கிறன்."

எழும்பிப் போய்ப் படத்தைச் சட்டத்துக்குள் இருந்து பக்குவமாக எடுத்தார். சட்டத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். தன் கையில் இருந்த சாவியைக் கொண்டுபோய்க் கொன்செத்தாவின் கையில் கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, படியால் இறங்கினார். யாக்கோபு தங்கச்சியை ஒருக்கா முறைத்துப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினான்.

கொன்செத்தாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோப்பித் தட்டு ஒரு கையில், சாவி ஒரு கையில். "என்ன நடந்தது? ஏன் படத்தைக் கழட்டிக்கொண்டு போறார்? எங்கை போறார்?"

அற்புதமலர் அவரிடமிருந்து தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். நேரே பார்த்து, இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சிஞ்ஞோரா, எனக்குப் புருசன் இல்லை. அவர் என்ரை புருசன் இல்லை. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். இனி ஒருத்தரும் வரமாட்டினம். நான் தனிப் பொம்பிளை, இந்த அறையிலை தனிய இருக்க விரும்புறன். தாறீங்களோ, இல்லையோ?"

7.

நேற்று விமலராஜ் தொலைபேசி எடுத்தார். "கொன்செத்தா என்ன சொன்னா?"

"எழுதேல்லை."

"முடிவு இல்லாமல் நான் எப்பிடிப் போடுறது ஸ்ரெல்லா? கதை முழுமையாய் இல்லையே."

பேராசிரியரின் அதே சொல். நான் சத்தம் போடவில்லை. முழுமையாய் இருக்கு என்றேன். அற்புதமலர் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்துவிட்டாள். பொய்யைத் திருப்பி எடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள், தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்டாள். இதற்குமேல் அவளைக் கலியாணம் கட்ட வைத்தோ சாக வைத்தோ நான் சோதிக்க மாட்டேன். மிச்சம் இருக்கிறது அவளுடைய பதில் இல்லை. அது அறை வைத்திருக்கிறவர்களின் பதில்.

ஆகவே கொன்செத்தாவை நான் கதையை விட்டு அனுப்புகிறேன். பாவம், காலையில் சந்தைக்குப் போக வேண்டிய மனிசி. அவர் நின்ற இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கோ.

ஓம், உங்களைத்தான். பழைய அமெரிக்க நாவல்களில் அவளுக்குக் கட்டி வைத்தபோது என்னோடு சேர்ந்து தலையை ஆட்டினீர்கள், அவளைச் சாகக் கொடுத்தபோது உச்சுக்கொட்டினீர்கள். உங்களுக்கும் கனடாவில், ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை ஒன்று இருக்கிறது, கொழும்பு வெள்ளவத்தையில் மேல்மாடி இருக்கிறது, பாரிசில் பிள்ளைகள் விட்டுப்போன அறை இருக்கிறது. விளம்பரத்தில் "குடும்பத்துக்கு மாத்திரம்" என்று எழுதியது நீங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்கள் என்று நீங்களும் இப்போது யோசிக்கிறீர்கள். யோசியுங்கோ, ஆனால் எழுந்து நின்றுதான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சாவி உங்கட கையில் இருக்கிறது. அவள் முன்னால் நிற்கிறாள், முப்பத்தாறு வயது, நல்ல உயரம், புருசன் இல்லை, வரவும் மாட்டான். வாடகை ஒழுங்காகத் தருவாள். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிறாள்.

தாறீங்களோ, இல்லையோ?